குடித்தால் மீன், உழைத்தால் நாய்

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். ஒன்றாக டீ, ஒன்றாகச் சாப்பாடு, ஓயாத அரட்டை. இதைப் பார்க்கும் ஆங்கிலேயர், 'தே கெட் ஆன் லைக் எ ஹவுஸ் ஆன் ஃபயர்' என்பார். அப்படியே தமிழில் போட்டால், 'வீடு பற்றி எரிவது போலப் பழகுகிறார்கள்' என்று வரும். கேட்கிற தமிழர், என்ன சண்டையோ என்று பதறிப்போவார். எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம் என்பது தமிழ்ப் பழமொழி. கொளுத்திப் போடுவது, பற்ற வைப்பது, வயிற்றெரிச்சல் என்று தீயோடு சேர்ந்த பேச்செல்லாம் உறவு முறிகிற பக்கமே நிற்கும். ஆங்கிலத்தில் அதே தீ நட்புக்கு உவமை.

விஷயம் வேகம்தான். மரச்சட்டம், வைக்கோல் கூரை என்று கட்டிய ஊர்களில் தீ எப்படி ஓடும் என்பது அவர்களுக்குப் பழக்கம். 1613 ஜூன் 29 அன்று லண்டன் குளோப் நாடகக் கொட்டகையில் ஷேக்ஸ்பியரின் 'எட்டாம் ஹென்றி' நடந்துகொண்டிருந்தது. நாடகத்துக்காகச் சுட்ட பீரங்கியின் பொறி கூரையில் விழுந்தது. ஓரிரு மணி நேரத்துக்குள் கொட்டகை தரைமட்டம். உயிர்ச்சேதம் இல்லை, ஒருவரின் கால்சட்டையில் மட்டும் தீப்பிடித்ததாம். அதையும் பாட்டிலில் இருந்த பீரை ஊற்றி அணைத்துக்கொண்டார் என்று ஹென்றி வாட்டன் என்பவர் கடிதம் எழுதி வைத்திருக்கிறார். 'எரியும் வீடு' உவமை எழுத்தில் புழங்குவது இதற்குச் சுமார் இருநூறு ஆண்டுகள் கழித்துத்தான். ஆனால் அது பிடித்துக்கொண்ட காட்சி இதுதான்: பொறி விழுந்தது தெரியும், அடுத்த நிமிடம் எல்லாம் ஒன்றாகிவிடும்.

உவமை எதை வைத்துப் பிறக்கிறது என்பதற்குத் தொல்காப்பியம் நான்கு வழி சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. செயல், விளைவு, வடிவம், நிறம் என்று வைத்துக்கொள்ளலாம். எரியும் வீடு வினை உவமை. எரிதலின் வேகம் மட்டும்தான் இங்கே சரக்கு. சாம்பலும் அழுகையும் கணக்கில் வராது. 'புலி போலப் பாய்ந்தான்' என்றால் அவன் முதுகில் வரி இருக்கிறதா என்று யாரும் தேடுவதில்லையே, அது மாதிரி.

உவமையாக வருவது உயர்ந்த பொருளாக இருக்க வேண்டும் என்றும் தொல்காப்பியர் எதிர்பார்க்கிறார். ஆங்கிலேயரின் அன்றாடப் பேச்சு இந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. சாப்பாடு, குடி, உழைப்பு, தூக்கம் எதுவானாலும் அது உவமை தேடிப் போகிற இடம் தொழுவமும் அடுப்படியும் கொல்லைப்புறமும்தான். ('நாய் படாத பாடு' என்று புலம்புகிற தமிழரும் அந்த விதியைக் காப்பாற்றியதாகச் சொல்ல முடியாது.) சரி, அப்படித் தேடிப் பிடித்த விலங்குகளையாவது ஒழுங்காகப் பார்த்தார்களா என்றால், அங்கேதான் வேடிக்கை ஆரம்பிக்கிறது.

சாப்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். வெளுத்துக் கட்டுகிறவரை 'ஈட்ஸ் லைக் எ ஹார்ஸ்', குதிரை மாதிரி தின்கிறார் என்பார்கள். தட்டில் கொறித்துவிட்டு எழுகிறவர் 'ஈட்ஸ் லைக் எ பேர்ட்', பறவை மாதிரி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் கதை தலைகீழ். 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குத் தின்னும் காய்ந்த தீவனம் ஏறக்குறைய 10 கிலோ, அதாவது உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. அதே விகிதத்தில் 60 கிலோ மனிதருக்கு ஒன்றேகால் கிலோ கூட வராது. எடையை மட்டும் பார்த்தால், சராசரி ஆள் மூன்று வேளையில் சாதாரணமாகச் சாப்பிடுகிற அளவுதான் அது.

பறவைப் பக்கம் வந்தால் ஹம்மிங்பேர்ட். பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று தேன் உறிஞ்சும் அந்த அமெரிக்கக் குருவி, தன் எடையில் பாதியளவு சர்க்கரையை ஒரே நாளில் உள்ளே தள்ளிவிடும். 60 கிலோ ஆள் உண்மையிலேயே இந்தப் பறவை மாதிரி சாப்பிடுவதானால், மளிகைக் கடையிலிருந்து தினமும் 30 கிலோ சர்க்கரை மூட்டை வர வேண்டும். உடம்பு சிறிதாக இருக்கிற உயிருக்குச் சூடு சீக்கிரம் போய்விடும். அதை ஈடுகட்ட ஓயாமல் தின்றாக வேண்டும். கொல்லையில் கொத்திக்கொண்டே இருக்கும் சிட்டுக்குருவியைப் பத்து நிமிடம் பார்த்திருந்தாலே உவமை சொன்னவருக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

'ட்ரிங்க் லைக் எ ஃபிஷ்' இன்னும் மோசம். மொடாக்குடியர்களுக்கான உவமை இது. தமிழ் இங்கே பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டது, மொடா என்றால் பெரிய பானை. ஆங்கிலம் மீனைப் பிடித்தது. பதினேழாம் நூற்றாண்டிலேயே இந்தச் சொல்வழக்கு அச்சில் இருக்கிறது. மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தவர்கள், குடித்துக்கொண்டே இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அது மூச்சு விடுகிற வேலை. வாயில் வாங்கும் தண்ணீர் செவுள் வழியே வெளியே போய்விடுகிறது.

கெண்டை, கட்லா மாதிரியான ஆற்று மீன்கள் தண்ணீர் குடிப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். அவற்றின் உடம்பில் இருக்கும் உப்பு சுற்றியிருக்கும் நீரில் இருப்பதைவிட அதிகம். அதனால் செவுள் வழியாக நீர் தானாகவே உள்ளே ஊறி வருகிறது. அதை வெளியேற்றுவதுதான் அவற்றுக்குத் தொல்லை. ஓயாமல் சிறுநீர் கழித்துக்கொண்டே இருக்கும். கடலில் இருக்கும் மத்தியும் வஞ்சிரமும் வேறு கட்சி. கடல்நீரின் உப்பு அவற்றின் உடம்பிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. ஈடுகட்டக் கடல்நீரையே குடித்து, உப்பைச் செவுள் வழியாகத் தள்ளிவிடுகின்றன. ஆக, மீனைப் போலக் குடிக்கிறார் என்று யாராவது சொன்னால், ஆற்று மீனா கடல் மீனா என்று கேட்டுவிட்டுத்தான் வருத்தப்பட வேண்டும்.

'ஸ்வெட் லைக் எ பிக்', பன்றி மாதிரி வியர்ப்பதும் இதே ரகம். பன்றிக்கு வியர்வையே சரியாக வராது. வராததால்தான் அது சேற்றில் புரண்டு உடம்பைக் குளிர்விக்கிறது. பிக் அயர்ன் எனப்படும் கச்சா இரும்பு ஆறும்போது அதன்மேல் படியும் நீர்த்துளிகளிலிருந்து இந்த உவமை வந்தது என்று ஒரு கதை வாட்ஸப்பில் சுற்றுகிறது. அழகான கதை. நம்பத்தான் முடியவில்லை.

வேலை என்று வந்தால் இரண்டு உவமை முன்னால் நிற்கும். ஒன்று தேனீ. 'பிசி ஆஸ் எ பீ.' பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' நூலிலேயே இது வந்துவிட்டது. ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளாகத் தேனீ உழைப்பாளியாகவே வாழ்ந்து வந்தது, ஒரு ஜெர்மானியர் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரும் வரை. மார்ட்டின் லிண்டவர் என்ற ஆய்வாளர் கண்ணாடிச் சுவர் வைத்த கூட்டில் ஒரு வேலைக்காரத் தேனீயின் மேல் அடையாளம் போட்டு, 107 என்று எண் கொடுத்தார். அது செய்ததையெல்லாம் மொத்தம் 177 மணி நேரம் குறித்துக்கொண்டார். 1952-இல் அந்தக் குறிப்பு வெளிவந்தது. அதன்படி 107-ஆம் எண் தேனீ ஏறக்குறைய 70 மணி நேரம் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தது. இன்னும் 56 மணி நேரம் கூட்டுக்குள் அங்கும் இங்கும் உலாத்தியது. அறை சுத்தம் செய்வது, புழுவுக்கு ஊட்டுவது, மெழுகு வேலை எல்லாம் மிச்சமிருந்த நேரத்தில்தான்.

உலாத்தலை வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. எங்கே ஆள் தேவை என்று பார்த்துக்கொண்டே போவதால்தான் கூட்டில் வேலை தேங்காமல் நடக்கிறது. கையில் ஒரு கோப்பை வைத்துக்கொண்டு அலுவலகம் முழுக்க நடக்கிறவர்களுக்கு இனி இந்த உவமையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இன்னொன்று நாய். 'வொர்க் லைக் எ டாக்.' தமிழில் உழைப்புக்கு மாடு. 'மாடா உழைச்சு ஓடாத் தேய்ஞ்சேன்' என்று சொல்லாத அப்பா உண்டா? நாய்க்குத் தமிழ் கொடுத்தது பாடு மட்டும்தான், உழைப்பை இல்லை. இன்றைக்கு லண்டனில் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருக்கும் நாயைப் பார்த்தாலும் உவமை விளங்காது. அதற்குப் பழைய ஆங்கிலேயச் சமையலறைக்குள் போக வேண்டும்.

கணப்புக்கு முன்னால் இரும்புக் கம்பியில் பெரிய இறைச்சித் துண்டு. சீராக வேக வேண்டுமானால் கம்பியை மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் சமையல்காரச் சிறுவர்கள் சுற்றினார்கள். பிறகு அந்த வேலைக்கென்றே ஒரு நாயினம் வந்தது: நீள உடம்பு, குட்டைக் கால். சுவரில் உயரமான இடத்தில் ராட்டினம் போல ஒரு மரச்சக்கரம். அதற்குள் நாயை ஏற்றிவிடுவார்கள். அது ஓட ஓடச் சக்கரம் சுழலும், சக்கரத்திலிருந்து போகும் சங்கிலி கம்பியைத் திருப்பும். இறைச்சி வாசனை மூக்கில் ஏற ஏற, ஓடியும் ஓர் அடி நகராத ஓட்டம். இரண்டு நாய்களை வைத்து முறை மாற்றிக்கொள்கிற வீடுகளும் உண்டு. 1576-இல் வெளிவந்த 'ஆஃப் இங்கிலிஷ் டாக்ஸ்' என்ற புத்தகத்திலேயே இந்த நாய்க்கு இடம் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துக்கும் கூட்டிப் போவார்களாம், பக்தியால் அல்ல, குளிரில் கால்மாட்டில் படுக்க வைத்தால் பாதம் கதகதப்பாக இருக்கும் என்று! கம்பியைச் சுற்ற மலிவான இயந்திரம் வந்ததும் இந்த இனமே அற்றுப்போயிற்று. பாடம் செய்த ஒரே ஒரு நாய் மட்டும் வேல்ஸ் நாட்டு ஆபர்கவென்னி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. பெயர் விஸ்கி.

அடுப்படியைவிட்டு வெளியே வருவதற்கு முன் 'ஹாட் கேக்' பற்றியும் சொல்லிவிட வேண்டும். சரக்கு மளமளவென்று தீர்ந்தால் 'செல்லிங் லைக் ஹாட் கேக்ஸ்' என்பது வழக்கு. தமிழ்ப் பத்திரிகைகளும் தாராளமாக எடுத்தாள்கின்றன. பலர் மனதில் ஓடுவது பிறந்தநாள் கேக். கேக்கைச் சுடச்சுட யார் வாங்குகிறார்கள்? அமெரிக்காவில் ஹாட் கேக் என்றால் பான்கேக். கல்லில் ஊற்றித் திருப்பிப் போட்டு எடுப்பது, தடித்த தோசைக்கு நெருங்கிய சொந்தம். அந்தக் காலத்தில் பன்றிக் கொழுப்பில் சுடுவார்கள். 1830-களின் கடைசியில் அமெரிக்க எழுத்தில் இந்த உவமை தென்படுகிறது. சந்தையில் கல்லைச் சுற்றி ஆள் நிற்கும். எடுக்க எடுக்கத் தட்டு காலியாகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஜ்ஜிக் கடை முன்னால் நின்றவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சில உவமைகள் புரியாததற்குக் காரணம், வால் அறுந்துபோனது. 'ஹாப்பி ஆஸ் எ கிளாம்': மட்டி போல மகிழ்ச்சியாக. மட்டிக்கு என்ன மகிழ்ச்சி? முழு உவமை, 'கடல் ஏறியிருக்கும்போது மட்டி போல' என்பது. நீர் வடிந்தால்தான் ஆட்கள் மண்ணைத் தோண்டி மட்டி எடுப்பார்கள். நீர் ஏறியிருக்கிற நேரம் அதற்கு விடுமுறை.

இன்னும் சில, உவமையாகவே இருந்தது போதாதென்று நிஜமாகவே நடத்திக் காட்டப்பட்டவை. பொறுமையைச் சோதிக்கும் எதையும் 'லைக் வாட்சிங் பெயின்ட் ட்ரை', பெயின்ட் காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி என்பார்கள். பிரிட்டனில் திரைப்படத்தைத் தணிக்கைக் குழுவிடம் கொடுத்தால் நிமிடக் கணக்கில் கட்டணம் கட்ட வேண்டும். சிறிய படக்காரர்களுக்கு அது பெரிய சுமை. சார்லி லைன் என்ற இளம் இயக்குநருக்கு இதில் கோபம். பொதுமக்களிடம் பணம் கேட்டார். எவ்வளவு பணம் சேர்கிறதோ அவ்வளவு நீளத்துக்கு ஒரு படம் கொடுப்பேன், கொடுத்த படத்தைக் குழு முழுசாகப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். ஆறாயிரம் பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகச் சேர்ந்தது.

படம்: வெள்ளை பெயின்ட் அடித்த ஒரு செங்கல் சுவர். அவ்வளவுதான். கேமரா நகராது, இசை கிடையாது, சுவர் காய்கிறது. 10 மணி 7 நிமிடம். 2016 ஜனவரியில் தணிக்கை அதிகாரிகள் அதை இரண்டு நாளாகப் பிரித்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். எல்லோரும் பார்க்கலாம் என்று 'யு' சான்றிதழும் கொடுத்தார்கள்.

பூனைகளை மேய்ப்பது இன்னொன்று. சொன்ன பேச்சு கேட்காத ஆட்களைக் கட்டி மேய்க்கிற வேலைக்கு 'ஹெர்டிங் கேட்ஸ்' என்று பெயர். கணினித் துறைக்காரர்கள் வாயில் இது அடிக்கடி புரளும். 2000-ஆம் ஆண்டு அமெரிக்க சூப்பர் பௌல் ஆட்டத்தின் நடுவே இ.டி.எஸ். என்ற கணினி நிறுவனம் இதை விளம்பரமாக்கிவிட்டது. கௌபாய்கள் குதிரையில் ஏறி, புல்வெளி முழுக்கப் பூனைகளை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். ஒருவர் சட்டையில் ஒட்டிய பூனை முடியை உருளையால் எடுக்கிறார். 'கட்டி மேய்க்கிறது' என்கிற சொல் ஏற்கெனவே தமிழில் இருப்பதால், இந்த உவமை மட்டும் இங்கே எந்தச் சிரமமும் இல்லாமல் குடியேறிவிட்டது.

இவ்வளவு தப்புத் தப்பான உவமைகள் எப்படி இத்தனை நூற்றாண்டு தாக்குப்பிடித்தன? காதைக் கேட்டால் பதில் கிடைக்கும். பிசி – பீ. கூல் – குக்கும்பர். ரைட் – ரெயின். குட் – கோல்டு. ஃபிட் – ஃபிடில். தமிழில் எழுதிப் பார்த்தாலும் மோனை துருத்திக்கொண்டு தெரிகிறது. எறும்பும் தேனீயைப் போலத்தான் அலைகிறது. ஆனால் 'பிசி ஆஸ் ஆன் ஆன்ட்' என்றால் நாக்கு ஒத்துழைக்காது. பதற்றமே இல்லாதவரை வெள்ளரிக்காய் போலக் குளுமையானவர் என்று சொன்னவர் கவிஞர் ஜான் கே. முழுக்க முழுக்க உவமைகளையே கோத்து அவர் எழுதிய பாட்டு 1732-இல் வெளிவந்தது. குளுமைக்கு ஆற்றுக் கல் இருக்கிறது, கிணற்று நீர் இருக்கிறது. கவிஞருக்கு வேண்டியிருந்தது 'க'. எதுகை மோனைக்காகப் பொருளைக் கொஞ்சம் வளைக்கிற பழக்கம் தமிழருக்குப் புதிதில்லை. மேடைப் பேச்சு கேட்டே வளர்ந்த ஊர் இது.

இனித் தூக்கம். இங்கே ஆங்கிலத்துக்கு மூன்று நான்கு உவமை கைவசம் உண்டு. 'ஸ்லீப் லைக் எ லாக்', கட்டை மாதிரி. தமிழிலும் அப்படியே சொல்வது உண்டு, குறட்டை மட்டும் இடிக்கும். 'ஸ்லீப் லைக் எ பேபி', குழந்தை மாதிரி. கைக்குழந்தை வைத்திருக்கும் எந்த அம்மாவிடமும் இதைச் சொல்லிப் பார்க்கலாம், தள்ளி நின்று. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வீட்டையே எழுப்புகிற தூக்கம் அது. 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் தோற்ற ஜான் மெக்கெய்ன், குழந்தை மாதிரிதான் தூங்குகிறேன், இரண்டு மணி நேரம் தூங்குவதும் எழுந்து அழுவதுமாக, என்று டிவியில் சொல்லிச் சிரிக்க வைத்தார். நகைச்சுவை பழசு, ஆள் மட்டும் புதுசு.

மூன்றாவதுதான் தமிழரைத் திகைக்க வைப்பது: 'ஸ்லீப் லைக் எ டாப்', பம்பரம் மாதிரி தூங்கினான்! கல்யாண வீட்டில் நாலு ஆள் வேலையை ஒருத்தி இழுத்துப்போட்டுச் செய்தால், பம்பரமாய்ச் சுழன்றாள் என்கிறது தமிழ். ஆங்கிலத்தில் அதே பம்பரம் படுத்துத் தூங்குகிறது. ஷேக்ஸ்பியரும் ஜான் ஃபிளெட்சரும் சேர்ந்து எழுதி 1634-இல் அச்சான 'தி டூ நோபிள் கின்ஸ்மென்' நாடகத்திலேயே இந்தப் பேச்சு வந்துவிட்டது.

சாட்டை சுற்றிப் பம்பரம் விட்டவர்கள் கொஞ்சம் யோசித்தால் பிடிபட்டுவிடும். விட்ட கையோடு அது தலையை ஆட்டிக்கொண்டு வட்டமடிக்கும். பிறகு ஓர் இடத்தில் ஆணி ஊன்றி, தலையாட்டம் அடங்கி, நிறக்கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, நிற்கிறதா சுற்றுகிறதா என்று தெரியாமல் நிமிர்ந்து நிற்கும். மெல்லிய உறுமல் மட்டும் கேட்கும். அந்த நேரத்துக்கு ஆங்கிலச் சிறுவர்கள் வைத்த பெயர், பம்பரம் தூங்குகிறது. வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போதுதான் அந்த அசைவின்மை. தமிழ் பார்த்தது சுழற்சியை, ஆங்கிலம் பார்த்தது நிலைப்பை. பொம்மை என்னவோ ஒன்றுதான். தொல்காப்பியர் சொன்ன வினை உவமைக்கு இதைவிட நல்ல வழக்கு அகப்படாது. இந்தப் பட்டியலிலேயே உற்றுப் பார்த்துச் சொன்ன உவமை என்று ஒன்றைத் தேர்வு செய்யச் சொன்னால், பம்பரத்துக்குத்தான் பரிசு.

படுக்கை விஷயத்தில் கடைசியாக ஒன்று. போர்வைக்குள் இதமாகச் சுருண்டு படுப்பதற்கு 'ஸ்னக் ஆஸ் எ பக் இன் எ ரக்'. ரக் என்றால் இன்றைக்குத் தரைவிரிப்பு. பதினெட்டாம் நூற்றாண்டில் தடித்த போர்வைக்கும் அதே பெயர். பக் என்றால் அன்றைக்கு முதலில் நினைவுக்கு வந்தது மூட்டைப்பூச்சி. குழந்தைகளுக்குச் செல்லமாகச் சொல்லித் தூங்க வைக்கிற வாசகத்துக்குள் கடித்துக்கொண்டிருப்பது அதுதான்.

இதைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். அவர் லண்டனில் இருந்த காலம். ஜார்ஜியானா ஷிப்லி என்ற இளம்பெண்ணுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சாம்பல் அணில் வரவழைத்துக் கொடுத்திருந்தார். மங்கோ என்று பெயர். அது ஒருநாள் கூண்டைவிட்டுத் தப்பி வெளியே போய் நாயிடம் மாட்டி இறந்துபோனது. 1772 செப்டம்பரில் ஃபிராங்க்ளின் அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் கடிதம் எழுதினார். பெரிய மனிதர்களின் கல்லறையில் பொறிப்பது போல அணிலுக்கு நீண்ட இரங்கல் வாசகம் ஒன்றை முதலில் எழுதினார். பிறகு, இதையே எளிய பாட்டாக எழுதினால் எப்படி இருக்கும் என்று, மூட்டைப்பூச்சி போர்வைக்குள் கிடப்பது போல அணில் இங்கே கிடக்கிறது என்கிற பொருளில் நாலு சின்ன வரியில் முடித்துக்கொண்டார். அதில் மங்கோ என்ற பெயரே இல்லை. பூனைகளையெல்லாம் 'புஸ்' என்று கூப்பிடுவது போல அணில்களையெல்லாம் அங்கே 'ஸ்கக்' என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரைத்தான் போட்டிருந்தார். ஸ்கக், ஸ்னக், பக், ரக்.